பாஸ் போன பிறகு விழத் தொடங்கின ட்ரிப் சுவிச்

வெள்ளவத்தையில அம்மா இருக்கிற பிளாட்டில குசினியையும் பாத்ரூமையும் திருத்தினனாங்கள். பழைய டைல்ஸ உடைச்சு, பைப் மாத்தி, புது டைல்ஸ் பதிச்சு, பென்ட்ரி கபேட் அடிச்சு எல்லாம் முடிய ஆறு கிழமை ஆச்சு. பாக்க நல்ல வடிவா இருந்தது, அம்மாவும் சந்தோசமா இருந்தா. கடைசி ஆளும் காசு வாங்கிக்கொண்டு போய் ரெண்டாம் நாள் ராத்திரி ட்ரிப் சுவிச் விழுந்தது. தூக்கி விட்டா நிக்கும், ரைஸ் குக்கரப் போட்டா விழும், சிலவேளை ஹோலில அயன் பண்ணினாலும் விழும், ஆனா பேனும் லைட்டும் மட்டும் ஓடேக்க மணிக்கணக்கா ஒண்டும் நடக்காது. குசினிப் பக்கத்துப் பிரேக்கர ஓஃப் பண்ணிப்போட்டு ஹோலில அயன் போட்டுப் பாத்தம், அப்பவும் விழுந்தது. அப்ப குசினியில பிழை இல்லயாக்கும் எண்டு நினைச்சிட்டம்.

வயரிங் பாஸுக்கு, அதாவது வயரிங் வேலை செய்தவருக்கு, கோல் எடுக்க அவர் வந்து பத்து நிமிசம் பாத்திட்டு, ட்ரிப் சுவிச் பழசு அதுதான் பிரச்சினை எண்டு சொல்லி, கரண்ட் அதுக்குள்ளால போகாத மாதிரி வயர நேரா குடுத்திட்டு, புதுசு ஒண்டு வாங்கி வையுங்கோ பிறகு வந்து போட்டுத் தாறன் எண்டு போயிட்டார். அதுக்குப் பிறகு ஒண்டும் விழேல்ல. எல்லாம் சரியாப் போச்சு எண்டுதான் அம்மாவும் சொன்னா. ஒரு கிழமை கழிச்சு வேற எதையோ கதைச்சுக்கொண்டு இருக்கேக்க இடையில ஒரு வசனம் சொன்னா, "வோஷிங் மெஷினத் தொட்டா எறும்பு கடிக்கிற மாதிரி சுள்ளெண்டு இருக்கடா". எனக்கு அண்டைக்கு நித்திரை வரேல்ல. உடன மெஷின்ட பிளக்கக் கழட்டச் சொல்லிப்போட்டு, அடுத்த நாளே கொட்டாஞ்சேனையில இருந்து பழைய ஆள் ஒருத்தர், நாப்பது வருசமா இந்த வேலை செய்யிற ஒரு அண்ணை, அவரக் கூட்டிக்கொண்டு போனன்.

அவர் கண்டுபிடிச்சது ஒரு பிழை இல்ல, ரெண்டு பிழை. ரெண்டையும் செய்தது ரெண்டு வேற ஆக்கள், ரெண்டு பேருமே எலக்ட்ரீசியன் இல்ல. வீட்டு வயரிங் பழுதாப் போறது எண்டா எல்லாரும் வயரிங் செய்தவரத்தான் யோசிக்கிறம். உண்மையில சுவருக்குள்ள போற வயருக்குக் காயம் வைக்கிறது கனக்க வேளை மற்ற வேலைக்கு வந்த ஆக்கள். டைல்ஸ் பாஸ் கிரைண்டரால சுவர வெட்டேக்க, பைப் பாஸ் உளியால கொத்தேக்க, ஏசி பூட்ட வாறவர் பெரிய ட்ரில்லால வெளிச்சுவரில ஓட்டை போடேக்க, கபேட் அடிக்கிறவர் ஸ்குரூ இறுக்கேக்க, சீலிங் அடிக்கிறவர் ஜிப்சம் போட் ஸ்குரூவ வயருக்கு மேலயே ஏத்தேக்க. ஒவ்வொருத்தரும் தன்ர வேலைய முடிச்சு, காட்டி, காசு வாங்கிக்கொண்டு போயிடுவினம். வயர் யாற்ற பொறுப்பு எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. பிழை விட்டவருக்கே தான் பிழை விட்டது தெரியாமல் இருக்கும், ஏன் எண்டா பழுதுபட்ட வயரும் கொஞ்ச நாளைக்கு வேலை செய்யும். லைட் எரியுது பேன் சுத்துது எண்டா எல்லாம் சரி எண்டு நாங்கள் நினைக்கிறம், அதுதான் இதில இருக்கிற ஆகப் பெரிய ஆபத்து.

இது விளங்க வேணும் எண்டா ட்ரிப் சுவிச் என்ன செய்யுது எண்டு கொஞ்சம் வடிவாப் பாக்க வேணும். நாங்கள் ட்ரிப் சுவிச் எண்டு சொல்லுறது ஆர்சிசிபி எண்ட சாமான், வீட்டில இருக்கிறதில 30 மில்லி ஆம்பியர் எண்டு எழுதியிருக்கும். லைவ் வயரால வீட்டுக்குள்ள போற கரண்ட் அவ்வளவும் நியூட்ரலால திரும்பி வருதோ எண்டு அது எந்த நேரமும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். போனதுக்கும் வந்ததுக்கும் வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரத் தொட முதலே, வேற எங்கயோ கரண்ட் ஒழுகுது எண்டு எடுத்துக்கொண்டு கண் இமைக்கிற நேரத்துக்குள்ள வெட்டிப்போடும். ஒழுகிற இடம் ஈரச் சுவராவும் இருக்கலாம், மனுசற்ற உடம்பாவும் இருக்கலாம்.

பக்கத்தில வரிசையா இருக்கிற சின்னப் பிரேக்கர்கள், அதுதான் எம்சிபி, அதின்ர வேலை வேற. அது காப்பாத்திறது வயர, ஆள இல்ல. எங்கட கரண்ட் 230 வோல்ட், ஈரக்கையோட நிக்கிற ஆளின்ர உடம்பு ஏறத்தாழ 1000 ஓம் எண்டு வச்சுக்கொண்டா 230 மில்லி ஆம்பியர் உடம்பால போகும், இதயத்த நிப்பாட்ட அது தாராளமாக் காணும். ஆனா 16 ஆம்பியர் பிரேக்கருக்கு அது ஒரு கணக்கே இல்ல, ஒரு பழைய குண்டு பல்ப் எரியிற அளவு கரண்ட்தான் அது.

இன்னொண்டும் இருக்கு, இதைக் கன பேர் யோசிக்கிறேல்ல. இலங்கையில வீடுகளுக்கு எர்த்த மின்சார சபை தாறேல்ல, அவையள் தாறது லைவும் நியூட்ரலும் மட்டும்தான். எர்த் எண்டது ஒழுகிற கரண்ட மண்ணுக்குக் கொண்டுபோக நாங்களே மண்ணில அடிக்கிற செம்புக் கம்பி, பிளாட் எண்டா கட்டடத்துக்குப் பொதுவாப் போட்டிருப்பினம். அந்தக் கம்பிக்கும் மண்ணுக்கும் இடையில ஒரு 20 ஓம் ரெசிஸ்டன்ஸ் இருந்தா, லைவ் வயர் ஒண்டு பிரிட்ஜின்ர இரும்பு பொடியில முட்டினாலும் போற கரண்ட் 230ஐ 20ஆல பிரிச்சா வாற பதினொண்டு சொச்சம் ஆம்பியர்தான். 16 ஆம்பியர் பிரேக்கர் விழாது, 32 விழவே விழாது. பிரிட்ஜ் அப்பிடியே கரண்டோட நிக்கும். அதால எங்கட நாட்டில ட்ரிப் சுவிச் எண்டது கூடுதல் பாதுகாப்பு இல்ல, எர்த் பிழைய வெட்டுறதுக்கு இருக்கிற ஒரே சாமான் கனக்க வீடுகளில அதுதான். அதை விட்டிட்டு நேரா குடுக்கிறது எண்டா என்ன அர்த்தம் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. ட்ரிப் சுவிச் நிக்குதில்ல, அதால எடுத்துவிட்டிட்டன் எண்டு யாரும் சொன்னா அந்த ஆள இன்னொருக்கா வீட்டு வயரில கை வைக்க விடாதேங்கோ. இதை நான் கோவத்தில சொல்லேல்ல, ஒரு சாமான் பழுதாகவும் இருக்கலாம்தான், ஆனா பழுது எண்டு சொல்ல முதல் அதை அளந்து பாக்க வேணும், அந்தப் பத்து நிமிசத்தில அவர் ஒண்டையும் அளக்கேல்ல.

இப்ப அம்மா வீட்டுக்கு வருவம். குசினிப் பிரேக்கர ஓஃப் பண்ணியும் ஏன் விழுந்தது? அந்த அண்ணை மெயின ஓஃப் பண்ணி, பிரேக்கர்கள் இருக்கிற டிபி பெட்டியத் திறந்து, நியூட்ரல் வயர்கள ஒவ்வொண்டாக் கழட்டி, வயரின்ர உறையால கரண்ட் ஒழுகுதோ எண்டு அளக்கிற மெகர் எண்ட மீட்டரால ஒவ்வொரு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில 500 வோல்ட் குடுத்துப் பாத்தார். மற்ற எல்லாம் நூறு மெகா ஓமுக்கு மேல காட்டினது, குசினி வயர் மட்டும் பூச்சியம். 1 மெகா ஓமுக்குக் கீழ வந்தாலே அந்த வயர நம்பக்கூடாது, இது பூச்சியம். எங்கயோ நியூட்ரலும் எர்த்தும் ஒண்டோட ஒண்டு முட்டிக்கொண்டு நிக்குது எண்டு அர்த்தம்.

வீட்டில இருக்கிற சாதாரண சின்னப் பிரேக்கர் லைவ் வயர மட்டும்தான் வெட்டும். நியூட்ரல் எல்லாம் ஒரே செப்புத் துண்டில சேந்து இருக்கும், பிரேக்கர ஓஃப் பண்ணினாலும் அது வெட்டுப்படாது. அப்ப ஹோலில அயன் போடேக்க அதின்ர கரண்ட் நியூட்ரலால திரும்பி வரும், அந்தச் செப்புத் துண்டுக்கு வந்த உடன குசினி நியூட்ரல் வழியா எர்த்துக்குப் போற ஒரு குறுக்குப் பாதை திறந்து கிடக்கு, கொஞ்சம் அதால ஒழுகும். சின்ன லோட் எண்டா ஒழுகிறது குறைவு, விழாது. அயன், கேத்தல், ரைஸ் குக்கர் எண்டு பெரிய லோட் போட்டா ஒழுகிறது 30 மில்லி ஆம்பியருக்குக் கிட்டப் போகும், விழும். அயன் பாவம், அதில ஒரு பிழையும் இல்ல. கன வீடுகளில இப்பிடித்தான் நல்ல அயனையும் ஹீட்டரையும் பழுது எண்டு தூக்கி எறிஞ்சிருப்பினம்.

பிறகு குசினியில பிளக் பொயின்ட் ஒவ்வொண்டாக் கழட்டி, ரெண்டு பொயின்டுக்கு இடையில இருக்கிற துண்டுதான் பிழை எண்டு ஒதுக்கி எடுத்தார். அதுக்கு நேர மேல பென்ட்ரி கபேட் தொங்குது. கபேட்டுக்குள்ள இருந்த சட்டி பானையெல்லாம் எடுத்து வச்சிட்டு, பின்பலகையில பொயின்டுக்கு நேரா இருந்த ஸ்குரூவ மெல்லமா எடுத்தார். ரெண்டு அங்குல ஸ்குரூ. நுனியில ஒரு அரை அங்குலத்துக்கு செம்பு நிறத்தில ஒரு கீறல், புதுச் செம்பு மாதிரி மினுங்கினது. திருப்பி மெகர வச்சார், மீட்டர் ஏறிப் போச்சு. கபேட் அடிச்ச ஆள் வேணுமெண்டு செய்யேல்ல, அந்தச் சுவருக்குள்ள எதால வயர் போகுது எண்டு அவருக்கு யாரும் சொல்லவும் இல்ல, அவர் கேக்கவும் இல்ல.

வோஷிங் மெஷின் கதை வேற. மெஷினுக்குப் போற பொயின்டக் கழட்டினா பெட்டிக்குள்ள பாதி காஞ்ச சீமெந்து, அதுக்குள்ள பச்சை வயர், அதுதான் எர்த் வயர், அறுந்து கிடக்கு. டைல்ஸ் வேலைக்காக சுவரக் கொத்தேக்க உளி பட்டிருக்கு, மேசன் அதுக்கு மேல பூசிவிட்டிட்டார். லைவும் நியூட்ரலும் முழுசா இருந்ததால மெஷின் ஓடினது. இப்பத்தையான் மெஷினுகளுக்குள்ள கரண்ட்டில வாற இரைச்சல வடிகட்ட ஒரு பில்டர் இருக்கும், அது எப்பவும் ஒரு சொட்டுக் கரண்ட எர்த்துக்கு அனுப்பும். எர்த் அறுந்தா அந்தச் சொட்டு மெஷின்ட பொடியிலயே நிக்கும், தொட்டா சுள்ளெண்டும். அந்தச் சுள் ஆளக் கொல்லாது, மில்லி ஆம்பியரிலும் குறைவு, அதால ட்ரிப் சுவிச் இருந்திருந்தாலும் விழுந்திருக்காது. ஆனா எர்த் இல்ல எண்டு வீடு சொல்லுற செய்தி அது. நாளைக்கு மெஷினுக்குள்ள உண்மையா ஒரு லைவ் வயர் கழண்டு பொடியில முட்டினா, எர்த்தும் இல்ல, ட்ரிப் சுவிச்சும் இல்ல, ஈர நிலத்தில வெறுங்காலோட அம்மா. இந்த மூண்டும் ஒண்டாச் சேர ஒரு கிழமையாத் திறந்து கிடந்திருக்கு.

சுள்ளெண்டா தாமதிக்க வேண்டாம். செருப்புப் போட்டிட்டுத் தொடுறது, கீழ மரப்பலகை போடுறது, பிளக்கப் பிரட்டிப் போட்டுப் பாக்கிறது எல்லாம் எங்கட வீடுகளில வழமையா நடக்கிற வைத்தியங்கள், ஒண்டும் உதவாது. பிளக்கக் கழட்டி வச்சிட்டு ஆளக் கூப்பிடுங்கோ.

சத்தம் போடாமல் வேலை பாக்கிற இன்னொரு பிழை ஜொயின்ட். வயர் வெட்டுப்பட்டது பாஸுக்குத் தெரிஞ்சா அவர் என்ன செய்வார் எண்டா, ரெண்டு நுனியையும் முறுக்கி, கறுப்பு டேப் சுத்தி, பூசி மூடிவிடுவார். ரெண்டு மூண்டு வருசம் ஓடும். கொழும்புக் காத்தில ஈரம், காலி வீதிக்குக் கடல் பக்கம் எண்டா உப்பும் சேரும், செம்பு பச்சை பிடிக்கும், டேப் பசை விட்டுக் கழரும், முறுக்கு தளரும். தளந்த இடத்தில ஒரு 0.3 ஓம் மட்டும் ரெசிஸ்டன்ஸ் வந்தாக் காணும். அதால 10 ஆம்பியர் போகுது எண்டா, ஒரு கேத்தல் ஏறத்தாழ அவ்வளவு இழுக்கும், அந்த இடத்தில 30 வொட் சூடு. 30 வொட் எண்டா ரேடியோ திருத்திற கடையில ஈயம் உருக்கிற சோல்டரிங் அயன்ட சூடு. சுவருக்குள்ள ஒரு சோல்டரிங் அயன வச்சுப் பூசின மாதிரி. வயர் மேல இருக்கிற பிவிசி 70 பாகை வரைக்கும்தான் தாங்கும். இதை பிரேக்கரும் பிடிக்காது, ட்ரிப் சுவிச்சும் பிடிக்காது, ஏன் எண்டா கரண்ட் கூடவும் இல்ல, ஒழுகவும் இல்ல, போற அளவு அப்பிடியே திரும்பி வருது. இதைப் பிடிக்கிறது உங்கட மூக்குத்தான். பிளக் பொயின்ட் பக்கத்தில மீன் வாடை மாதிரி, கருவாடு சுட்ட மாதிரி மணம் வந்தா, பொயின்ட் ஓரம் மண்ணிறமாக் கருகி இருந்தா, லைட் போடேக்க உள்ள சர்ர் எண்டு சத்தம் கேட்டா, அது அந்தச் சூடு.

பொயின்ட் எண்ட உடன ஞாபகம் வருது, வேலைக்கு வாறவையள் எங்கட பொயின்டுகளப் பாவிக்கிற விதம். கிரைண்டர் வயரில பிளக் இருக்காது, ரெண்டு வயரையும் உரிச்சு நேரா ஓட்டைக்குள்ள செருகித் தீக்குச்சியால இறுக்குவினம். இல்லாட்டி ரெண்டு கம்பிப் பிளக்க 13 ஆம்பியர் சதுரப் பொயின்டில போட மேல் ஓட்டைக்குள்ள பேனைய விட்டுக் கதவத் திறப்பினம். அந்தக் கதவு சின்னப் பிள்ளையள் விரல், கம்பி எதையும் விடாமல் இருக்க வச்சது, எர்த் கம்பி முதல் போனாத்தான் திறக்கும். பேனையால ஆறு கிழமை குத்தினா அது உடைஞ்சு திறந்தபடியே நிக்கும், உள்ள பிடிக்கிற செம்பு நாக்குகளும் விரிஞ்சு போகும், விரிஞ்ச நாக்கு எண்டா மேல சொன்ன அதே தளந்த ஜொயின்ட்தான். நீங்களே பிளக் பூட்டின ஒரு நல்ல எக்ஸ்டென்ஷன் கோட் வாங்கி வேலைக்காரருக்குக் குடுத்திடுங்கோ, முடிய அதை எறிஞ்சாலும் நட்டம் இல்ல.

தனி வீடுகளில இன்னும் ரெண்டு விசயம் நடக்கும். முத்தத்துக்கு இன்டர்லொக் கல் பதிக்கேக்க எர்த் கம்பிக்குப் போற வயர அறுத்து மண்ணுக்குள்ள புதைச்சுப்போடுவினம், முழு வீட்டுக்கும் எர்த் போச்சு, வீட்டுக்குள்ள ஒரு வித்தியாசமும் தெரியாது. ட்ரிப் சுவிச்சில இருக்கிற டெஸ்ட் பட்டின அமத்திப் பாத்தா அது வழமை போல விழும், ஏன் எண்டா அந்தப் பட்டினுக்கு எர்த் தேவையில்ல, அது தனக்குள்ளயே வித்தியாசத்த உண்டாக்கித் தன்னைச் சோதிக்கும். பட்டின் வேலை செய்யுது எண்டா ட்ரிப் சுவிச் நல்லம் எண்டு மட்டும்தான் அர்த்தம், எர்த் நல்லம் எண்டு இல்ல. இருந்தாலும் மூண்டு மாசத்துக்கு ஒருக்கா அமத்துங்கோ.

மற்றது, பிரிட்டிஷ் முறையில ரிங் போட்ட வீடுகள். 7/0.67 வயர், அதாவது 2.5 சதுர மில்லிமீட்டர், டிபியில இருந்து கிளம்பி எல்லாப் பொயின்டையும் சுத்தி திருப்பி டிபிக்கே வரும், 32 ஆம்பியர் பிரேக்கர் போட்டிருக்கும். கரண்ட் ரெண்டு பக்கத்தாலயும் பிரிஞ்சு போறதாலதான் அந்த மெல்லிய வயருக்கு 32 போட விடுகினம். ட்ரில் பட்டு ஒரு இடத்தில அறுந்தா எல்லாப் பொயின்டும் வேலை செய்யும், மற்றப் பக்கத்தால கரண்ட் வரும்தானே. ஆனா இப்ப முழு லோடும் ஒரே பக்கத்தால, சுவருக்குள்ள இருக்கேக்க 20 சொச்சம் ஆம்பியர் தாங்கிற வயரில 32 வரைக்கும் போக இடம் இருக்கு. மீட்டரால சுத்தி அளந்தால் ஒழிய ஒருத்தருக்கும் தெரியப்போறேல்ல.

அப்ப என்ன செய்யலாம். பிழை இருக்கு எண்டு சந்தேகம் வந்த உடன வீட்டு ஆக்கள் செய்யக்கூடியது கொஞ்சம்தான், ஆனா அது முக்கியம். ட்ரிப் சுவிச் விழுந்தா எல்லாப் பிளக்கையும் உண்மையாவே கழட்டுங்கோ, சுவிச் ஓஃப் பண்ணினா மட்டும் காணாது. பிறகு தூக்கி விட்டு ஒவ்வொண்டாப் போட்டுப் பாருங்கோ. ஒரு குறிப்பிட்ட சாமான் போட்டா மட்டும் விழுந்தா அந்தச் சாமானில பிழை இருக்கலாம், எந்தப் பெரிய சாமான் போட்டாலும் விழுந்தா சுவருக்குள்ள நியூட்ரலும் எர்த்தும் முட்டுது எண்டு சந்தேகப்படுங்கோ, ஒண்டுமே போடாமலும் நிக்காட்டி வயரில பிழை, மழை பெய்தா மட்டும் விழுந்தா வெளிச்சுவர் பக்கம் எங்கயோ ஈரம் போகுது. எந்த நேரம், என்ன போடேக்க விழுந்தது எண்டு ஒரு துண்டில எழுதி வச்சா வாற ஆளுக்கு அரை நாள் வேலை குறையும். மணம், சூடு, புகை எண்டா ஆராய்ச்சி வேண்டாம், மெயின ஓஃப் பண்ணுங்கோ. நெருப்புப் பத்தினா கொழும்பில 110, ஆளுக்குக் கரண்ட் அடிச்சா முதல் மெயின், பிறகு 1990 அம்புலன்ஸ். மீட்டருக்கு அங்கால ரோட்டுப் பக்கம் பிழை எண்டா 1987, லெக்கோ எண்ட மின்சாரக் கம்பனியிட்ட கரண்ட் எடுக்கிற ஆக்கள் எண்டா 1910. டிபி பெட்டிய நீங்கள் திறக்காதேங்கோ, மெயின் சுவிச்ச ஓஃப் பண்ணினாலும் அதுக்கு மேல வாற வயரில கரண்ட் இருக்கும்.

டெஸ்டர் ஸ்குரூட்ரைவர நம்ப வேண்டாம். எரியேல்ல எண்டா கரண்ட் இல்ல எண்டு அர்த்தமில்ல, எரிஞ்சா எல்லாம் சரி எண்டும் அர்த்தமில்ல. புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில மூண்டு லைட் இருக்கிற பொயின்ட் டெஸ்டர் கிடைக்கும், பெரிய விலையும் இல்ல, ஒவ்வொரு பொயின்டிலயும் செருகிப் பாத்தா எர்த் இல்லாததையும் லைவும் நியூட்ரலும் மாறி இருக்கிறதையும் காட்டும். எர்த்தும் நியூட்ரலும் மாறி இருந்தா அதுக்குத் தெரியாது, மெகர் செய்யிற வேலையும் அது செய்யாது, எண்டாலும் வேலை முடிஞ்ச அண்டைக்கு வீட்ட ஒரு சுத்து சுத்திப் பாக்க இதைவிட லேசான வழி இல்ல. அம்மா வீட்டில அப்பிடிப் பாத்திருந்தா வோஷிங் மெஷின் பொயின்ட் அண்டைக்கே பிடிபட்டிருக்கும்.

திருத்திறது எண்டா, வயர் பைப்புக்குள்ள போகுது, பைப்பும் உடையேல்ல எண்டா, அந்தத் துண்ட முழுசா இழுத்தெடுத்துப் புது வயர் விடுறதுதான் சரி. மேல்தோல் மட்டும் கீறுப்பட்டிருக்கு, டேப் சுத்தினாக் காணும் எண்டு சொல்லுவினம், சுவருக்குள்ள போற வயருக்கு அதை நான் ஒருக்காலும் ஒப்புக்கொள்ள மாட்டன். இழுக்க ஏலாது எண்டா அடிபட்ட இடத்திலயே ஒரு பெட்டி வச்சு, உள்ள நல்ல கனெக்டரால சேத்து, மூடி போட வேணும். பாக்கக் கொஞ்சம் வடிவில்லாமல் இருக்கும், புது டைல்ஸுக்கு நடுவில வெள்ளை மூடி எண்டு அம்மாவும் முகம் சுளிச்சவா. ஆனா ஸ்குரூவால இறுக்கின ஜொயின்ட் எண்டைக்கோ ஒரு நாள் தளரும், தளரேக்க திறந்து இறுக்க ஏலுமா இருக்க வேணும். பழைய வீடுகளில சிவப்பு, கறுப்பு, பச்சை, புது வயர் மண்ணிறம், நீலம், பச்சை மஞ்சள். ரெண்டும் ஒரே பெட்டிக்குள்ள சந்திக்கிற இடத்தில சிவப்புக்கு மண்ணிறம், கறுப்புக்கு நீலம் எண்டு பாத்துச் சேக்கினமோ எண்டு பக்கத்தில நிண்டு பாருங்கோ.

யாரக் கூப்பிடுறது எண்டு கேட்டா, என்விகியூ எண்ட தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் இருக்கோ எண்டு கேளுங்கோ, அதைவிட முக்கியம் மெகர் கொண்டு வருவீங்களோ எண்டு கேளுங்கோ. மெகர் எண்டா என்ன எண்டு திருப்பிக் கேக்கிற ஆள வேண்டாம்.

காசு விசயத்தில சண்டை பிடிக்கிறது கஷ்டம். கபேட் ஆள் தான் இல்ல எண்டுவார், மேசன் தான் இல்ல எண்டுவார். ஸ்குரூ நுனிய போட்டோ எடுத்துக் காட்டினதால கபேட் ஆள் ஒப்புக்கொண்டு பாதிக் காசு தந்தார், மேசன் போன் எடுக்கவே இல்ல. விடாமல் போக விருப்பம் எண்டா நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977ல சொல்லலாம், வேலை முடிஞ்சு மூண்டு மாசத்துக்குள்ள முறைப்பாடு குடுக்க வேணும், ரசீது வேணும். எங்களிட்ட ரசீது இருக்கேல்ல. மத்தியஸ்த சபைக்கும் போகலாம். ஆனா என்ர அபிப்பிராயத்தில இதெல்லாம் கடைசி வழி, கையில கொஞ்சக் காசு மிச்சம் வச்சிருக்கிறதுதான் முதல் வழி. எல்லா வேலையும் முடிஞ்சு, எலக்ட்ரீசியன் ஒருத்தர் மெகர் பிடிச்சுப் பாத்து, பொயின்ட் எல்லாம் சரி எண்டு சொன்ன பிறகுதான் மிச்சக் காசு எண்டு முதலே கதைச்சு வையுங்கோ. எல்லா பாஸ்மாருக்கும் ஒரே மாதிரிச் சொன்னா ஒருத்தரும் கோவிக்க மாட்டினம், எங்களுக்கு வேலை செய்தவையள்ள கன பேர் நல்ல மனுசர், வெய்யிலுக்குள்ள முறிஞ்சு உழைச்சவையள்.

அதைவிட நல்லம் வயர் எதால போகுது எண்டு அவையளுக்குக் காட்டுறது. வயர் பொயின்டில இருந்து நேர மேல, இல்லாட்டி நேர பக்கவாட்டா, இல்லாட்டி சீலிங்குக்குக் கிட்ட 15 சென்டிமீட்டருக்குள்ளதான் போக வேணும் எண்டு முறை இருக்கு. கொழும்பில கன வீட்டில வயர மிச்சம் பிடிக்கக் குறுக்க இழுத்திருப்பினம், அதால முறைய நம்பி ட்ரில் பண்ணவும் ஏலாது. பூச முதல், டைல்ஸ் பதிக்க முதல், சுவரில அளக்கிற டேப்ப ஒட்டி வச்சு போட்டோ எடுங்கோ, நிலத்தில இருந்து எத்தினை அடி, கதவு நிலையில இருந்து எத்தினை அடி எண்டு தெரியிற மாதிரி. பூசினதுக்குப் பிறகு எண்டா ஒவ்வொரு பொயின்டுக்கும் மேலயும் கீழயும் மாஸ்கிங் டேப்பால ஒரு கோடு இழுத்து விடுங்கோ, இதில ஓட்டை போட வேண்டாம் எண்டு வாயால சொல்லுங்கோ.

அம்மா வீட்டில இப்ப புது ட்ரிப் சுவிச் இருக்கு. பழசையும் அந்த அண்ணை கழட்டி அளந்து பாத்தார், அதில ஒரு பிழையும் இருக்கேல்ல, ஆனா பதினைஞ்சு வருசப் பழசு எண்டதால மாத்தினம். டிபி பெட்டிக் கதவுக்கு உள்பக்கம் எந்தப் பிரேக்கர் எந்த அறைக்கு எண்டு தமிழிலயும் சிங்களத்திலயும் எழுதி ஒட்டியிருக்கு, ஏன் எண்டா அடுத்ததா வாற பாஸ் எதை வாசிப்பார் எண்டு தெரியாது. அதுக்குக் கீழ குசினிச் சுவரின்ர போட்டோ, வயர் போற இடத்தில சிவப்புப் பேனையால கோடு.